வாசகர் கேள்வி-பதில்: எட்டாம் மாடியில் இடியப்பம் விலைபோகுமா?

அரசாங்கத் திட்டங்கள் எல்லோரையும் ஒரேவிதமாகத் தொடுகின்றனவா என்று பார்க்கும் சமத்துவத் தாக்க மதிப்பீடு பற்றிச் சென்ற இதழில் ஒரு வரி எழுதப்போக, அதைப் பிடித்துக்கொண்டு கொழும்பின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே பொருளுடையவற்றை ஒன்றாக்கி, பெயர்களைத் தவிர்த்து, எழுதியவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டு இங்கே பதில் எழுதுகிறேன்.

தெமட்டகொடை வாசகி: கொம்பனித்தெருவில் ஒரு தோட்டத்தில், அதாவது நெருக்கமான சிறு வீடுகள் நிறைந்த குடியிருப்பில், முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தோம். அம்மா காலையில் வாசற்படியில் இடியப்பமும் சம்பலும் வைத்து விற்பார். தோட்டத்திலிருந்து எங்களை அகற்றி, இப்போது அரசாங்கத் தொடர்மாடியொன்றின் எட்டாம் மாடியில் வீடு தந்திருக்கிறார்கள். லிஃப்ட் பழுதாகும் நாட்களில் அம்மாவால் கீழே இறங்க முடிவதில்லை, வியாபாரமும் நின்றுவிட்டது. கேட்டால், "எல்லாருக்கும் ஒரே அளவு வீடுதானே தந்தோம், உங்களுக்கு மட்டும் என்ன குறை?" என்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

ஒரே அளவு என்றால் எதனுடைய அளவு என்று திருப்பிக் கேட்கலாம். சுவருக்குச் சுவர் அளந்தவர்கள் வாசற்படியை அளக்கவில்லை. காலை ஐந்தரை மணிக்கு வேலைக்குப் போகிறவர் நின்ற நிலையிலேயே பத்து இடியப்பத்தைக் கடதாசியில் சுற்றி வாங்கிக்கொண்டு, கையில் காசு இல்லாவிட்டால் கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லிவிட்டுப் போன அந்த வியாபாரம், வீடு தெருவோடு ஒட்டியிருந்ததால் மட்டுமே நடந்தது. இடியப்பத்துக்காக யாரும் எட்டு மாடி ஏறப்போவதில்லை. எதிர்வீட்டு ஆச்சியிடம் பிள்ளையை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்வந்த வசதியும், மாதக் கடைசியில் அரிசி கடன் தந்த மூலைக்கடையும் அந்தப் படியோடு சேர்ந்தே போயிருக்கும். இவை எதுவும் சதுர அடிக் கணக்கில் வராது. ஆகவே உங்கள் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ வெறும் வீட்டு மாறுதலாக முடிந்த ஒன்று, அம்மாவுக்குத் தொழில் பறிபோனதாக முடிந்திருக்கிறது. ஒரே திட்டம், ஒரே குடும்பம், ஒரே கதவிலக்கம். இழப்பு மட்டும் வேறு வேறு.

இந்த வேறுபாட்டை, திட்டம் தீர்மானிக்கப்படுவதற்கு முன்பே தேடிப் பார்ப்பதற்குத்தான் சமத்துவத் தாக்க மதிப்பீடு என்று பெயர். இந்த வீதி, இந்தக் கட்டடம், இந்த வரி, இந்தப் படிவம் ஆண்களை எப்படித் தொடும், பெண்களை எப்படித் தொடும், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், தமிழ் மட்டும் தெரிந்தவர்கள், உறுதிப்பத்திரம் இல்லாத வாடகைக் குடியிருப்பாளர்கள் ஆகியோரை எப்படித் தொடும் என்று தனித்தனியே கேட்டு, எவருக்காவது மற்றவரைவிடக் கூடுதலாகப் பாதிப்பு ஏற்படுமானால் திட்டத்தை மாற்றவோ, இழப்பை ஈடுசெய்யவோ வழி காண்பதே அதன் வேலை.

கொழும்பில் இது தெரியாத விஷயமன்று. 2001இல் பேஸ்லைன் வீதியோரத்தில் 14 மாடிகளுடன் சஹஸ்புர என்ற தொடர்மாடிக் குடியிருப்பு எழுந்தபோதே, நிலத்தோடு ஒட்டி வாழ்ந்தவர்களை உயரத்தில் ஏற்றினால் என்ன நடக்கும் என்று பார்த்துக்கொள்ள நமக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அதே 2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட, விருப்பமின்றி இடம்பெயர்க்கப்படுவோரின் மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கை, பாதிக்கப்படுவோரை இடத்தெரிவிலும் வாழ்வாதாரத் தெரிவிலும் இயன்றவரை முன்கூட்டியே ஈடுபடுத்த வேண்டும், உறுதிப்பத்திரம் இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும், ஆண் பெண் சமத்துவத்தை இறுதிவரை பேண வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அது கொள்கை, சட்டமன்று. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்து, தோட்டங்களை அகற்றி அங்கிருந்தவர்களைத் தொடர்மாடிகளில் குடியேற்றும் நகர மீளுருவாக்கத் திட்டம் வேகமெடுத்தபோது, அந்த வேகத்துக்கு முன்னால் கொள்கையின் குரல் எடுபடவில்லை என்பது என் கணிப்பு.

வரைபடம் காகிதத்தில் இருந்த காலத்தில் ஒருவர் தோட்டத்துக்கு வந்து, "இங்கே வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்கள் யார், யார்?" என்று மட்டும் கேட்டிருந்தால், கீழ்த்தளத்தில் வரிசையாகப் பத்துப் பதினைந்து சிறு கடையறைகளை வைப்பதும், முழங்கால் வலிக்காரருக்கும் சக்கர நாற்காலிக்காரருக்கும் கீழ் மாடிகளை ஒதுக்குவதும் பென்சில் கோட்டோடு முடிந்திருக்கும். கொங்கிறீட் போட்ட பிறகு அதே மாற்றத்துக்கு இலட்சக்கணக்கில் செலவாகும் என்பதால், "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்ற பதில்தான் வரும். கேட்கவேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்டவர்களே, பிறகு நேரம் கடந்துவிட்டது என்று உங்களுக்குச் சொல்கிறார்கள்.

வெள்ளவத்தை வாசகர்: இந்தச் சமத்துவ மதிப்பீடு வெளிநாட்டுக்காரரின் புதுப் பழக்கம்போல் படுகிறது. இட ஒதுக்கீட்டுக்கு வேறு பெயர் வைத்துக் கொண்டுவருகிறார்களா?

இரண்டு சந்தேகங்களையும் பிரித்துக்கொள்வோம். இது இட ஒதுக்கீடு அன்று. யாருக்கும் எத்தனை வீதம் என்று எதையும் பிரித்துக் கொடுப்பதில்லை. வெளிநாட்டில் பிறந்தது என்பது மட்டும் உண்மை. வட அயர்லாந்தில் சமாதான உடன்படிக்கையைத் தொடர்ந்து வந்த 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, அரச நிறுவனங்கள் தங்கள் கொள்கைகள் வெவ்வேறு பிரிவினரிடையே சம வாய்ப்பை எப்படிப் பாதிக்கும் என்று பார்க்க வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது. இரு சமூகங்கள் மோதிக்கொண்ட நிலத்தில் இது முளைத்தது என்பதை நாம் கவனிக்காமல் கடந்துபோகக் கூடாது. இங்கிலாந்திலோ, 1993இல் லண்டன் பஸ் தரிப்பிடமொன்றில் ஸ்டீபன் லோரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கொல்லப்பட்டதும், அந்த வழக்கில் பொலிசார் நடந்துகொண்ட விதத்தை 1999ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை கடுமையாகச் சாடியதும் இனச் சமத்துவத்தை அரச நிறுவனங்களின் கடமையாக்கிய 2000ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்கு வழிவகுத்தன. பின்னர் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் வயது, மாற்றுத்திறன், இனம், மதம், பால் முதலானவற்றையெல்லாம் ஒரே கடமைக்குள் கொண்டுவர, அக்கடமை 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

அந்தக் கடமையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது சிந்திக்கச் சொல்கிறது. இன்ன முடிவைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்வதில்லை. கடுமையான மாற்றுத்திறன் உள்ளவர்கள் விடுதிகளுக்குப் போகாமல் சொந்த வீட்டில் வாழ உதவிய நிதியமொன்றை மூடுவதற்கு அரசாங்கம் எடுத்த முடிவை, 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்தது. அமைச்சர் அந்தக் கடமையை உரியபடி நிறைவேற்றவில்லை என்பது காரணம். அரசாங்கம் மீண்டும் மதிப்பீடு செய்து, மீண்டும் மூடுவதாக முடிவெடுத்து, 2015 ஜூனில் அந்த நிதியத்தை மூடியே விட்டது. இதைப் பார்த்து, எல்லாம் வெறும் சடங்கு என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. 2012இல் அந்நாட்டுப் பிரதமர் டேவிட் கமரூனே இந்த மதிப்பீடுகளைத் தேவையற்ற காகித வேலை என்ற வரிசையில் வைத்துப் பேசினார். பெட்டிக்குள் சரி அடையாளம் போடும் பழக்கம் எங்கும் உண்டு என்பதால் அவர் சொன்னதை முழுக்கத் தள்ளிவிட நான் தயாரில்லை. ஆனாலும் முடிவை எடுத்தவர் இன்னாருக்கு இன்ன பாதிப்பு வரும் என்று தெரிந்தே எடுத்தார் என்பது எழுத்தில் பதிவாவது சிறிய விஷயமன்று. தெரியாமல் நடந்துவிட்டது என்று பிறகு கையை விரிக்க முடியாது.

சுவீடனின் கார்ல்ஸ்கூகா நகரத்தில் பனி அள்ளும் ஒழுங்கையே இப்படி எடுத்து ஆராய்ந்தார்கள். பிரதான வீதிகள் முதலில், நடைபாதைகள் கடைசியில் என்பது அவர்களின் வழக்கம். காரில் போகிறவர்களில் ஆண்கள் அதிகம், நடந்தும் பஸ்ஸிலும் போகிறவர்களில் பெண்கள் அதிகம் என்பது தெரிந்ததும் வரிசையை மாற்றினார்கள். நமக்குப் பனியில்லை, ஆனால் மழைவெள்ளம் வடிந்த பின் எந்த வீதி முதலில் துப்புரவாகிறது, எந்த ஒழுங்கை கடைசிவரை சேறாகக் கிடக்கிறது என்பதை வெள்ளவத்தையில் இருக்கும் உங்களைவிட மட்டக்குளியில் இருக்கும் ஒருவர் நன்றாகச் சொல்வார்.

வரியும் அப்படித்தான். இறக்குமதியாகும் மாதவிடாய் அணையாடைகள் மீதான மொத்த வரிச்சுமை 2018 செப்டெம்பர் வரை நம் நாட்டில் 100 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. சுங்க அட்டவணையைப் பார்த்தால் அது ஆண் பெண் என்று எதுவும் பேசாத ஓர் இலக்கம்தான்.

கிராண்ட்பாஸ் முச்சக்கர வண்டிச் சாரதி: 2022இல் எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் முறை வந்தபோது எனக்குக் கிழமைக்கு 5 லீற்றர், கார் வைத்திருப்பவருக்கு 20 லீற்றர். அவர் அலுவலகத்துக்குத்தான் போகிறார். எனக்கு அதுதான் சோறு. அதுவும் சமத்துவப் பிரச்சினையா? நெருக்கடி நேரத்தில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

நிச்சயமாகச் சமத்துவப் பிரச்சினைதான். அந்த முறை வரிசைகளைக் குறைத்தது, கறுப்புச் சந்தையைக் கட்டுப்படுத்தியது, அந்த அளவில் நல்லது என்பதையும் சொல்ல வேண்டும். நானும் அந்த வரிசைகளில் இரவு விழித்தவன்தான். குறை எங்கே என்றால், அது எண்ணிய அலகில். வாகனத்தை எண்ணினார்கள்; வாகனத்தால் சாப்பிடுகிறவர்களை எண்ணவில்லை. இரண்டு கார் உள்ள வீட்டுக்கு 40 லீற்றரும், ஒரே ஆட்டோவில் ஐந்து வயிறு நிறைய வேண்டிய வீட்டுக்கு 5 லீற்றரும் போனது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அன்று. இயந்திரத்தின் அளவைப் பார்த்துப் பங்கிட்டதால் நேர்ந்தது. முச்சக்கர வண்டிகளுக்கான அளவு பின்னர் உயர்த்தப்பட்டதே, ஆரம்பக் கணக்கு பிழைத்தது என்பதற்குச் சான்று.

நேரமில்லை என்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. எல்லா மதிப்பீடும் முந்நூறு பக்க அறிக்கையாக இருக்க வேண்டியதில்லை. ஓர் ஆட்டோச் சாரதி, ஒரு மீன் வியாபாரி, சிறுநீரக நோயாளியைக் கிழமைக்கு இரண்டு முறை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் ஒரு மகள், ஸ்மார்ட் போன் இல்லாத ஒரு முதியவர் என நான்கு பேரை மனதில் நிறுத்தி, இந்த முறை நாளைக் காலை இவர்களுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு மாலைப்பொழுது பேசினாலே, பாதிப் பிழைகள் வெளியே வந்திருக்கும்.

எதை எண்ணுகிறோம் என்ற இந்த இடம் மிக முக்கியமானது என்பதால் இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன். வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் உதவிப்பணம் தருவதற்காக 2023 ஜூலையில் ஆரம்பமான அஸ்வெசும கொடுப்பனவு, குடும்பங்களை 22 குறிகாட்டிகளால் அளந்து நான்கு பிரிவுகளாக்கியது. மிக வறியவர்கள் என்ற பிரிவுக்கு அப்போது மாதம் 15,000 ரூபா, இடைநிலைப் பிரிவுக்கு 2,500 ரூபா. அரசியல்வாதியின் சிபாரிசைவிடக் குறிகாட்டி மேல் என்பதே என் எண்ணம். ஆனால் குறிகாட்டிகளில் ஒன்று மின்சாரப் பாவனை. கொழும்பு வடக்கின் தோட்டங்களில் ஒரே மின்மானியில் அண்ணன் குடும்பம், தங்கை குடும்பம், மேலே பலகைத் தட்டில் வாடகைக்கு இருப்பவர் என்று மூன்று அடுப்பு எரியும் வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மின்கட்டணப் பட்டியலைப் பார்க்கிறவருக்கு அது அதிகம் மின்சாரம் செலவிடும் ஒரு வீடு. அதேபோல் குடும்பம் என்பதை ஒரே அலகாக எடுத்தால், அதற்குள் கணவன் கையில் போகும் பணமும் மனைவி கையில் வரும் பணமும் ஒன்றாகிவிடும். சாராயக் கடைக்கும் பால்மா கடைக்கும் உள்ள தூரத்தை அறிந்த எந்தப் பெண்ணும் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள். முதற்கட்டத்திலேயே இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. அவ்வளவு மேன்முறையீடுகளைப் பிறகு விசாரிப்பதற்குச் செலவான நேரத்தில் ஒரு சிறு பங்கை முன்கூட்டியே செலவிட்டிருக்கலாம்.

பம்பலப்பிட்டி வாசகி: திட்டக் குழுவில் ஒரு பெண் அதிகாரி இருந்தால் போதாதா?

போதாது. அவரிடம் கார் இருந்தால் பஸ் படியின் உயரம் அவருக்கும் தெரியாது.

கொட்டாஞ்சேனை வாசகர்: எங்கள் பகுதியில் வடிகால் வேலை பற்றிக் கருத்துக் கேட்கும் கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தது. மொழி இந்த மதிப்பீட்டுக்குள் வருமா?

மொழிதான் இங்கே முதற்கேள்வி. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழி. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் நிர்வாகத்தில் தமிழைப் பயன்படுத்தும் உரிமையை விரித்தது. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு நீங்கள் முறைப்பாடு செய்யலாம். ஆனால் முறைப்பாட்டுக்கு அப்பால் ஒன்று உண்டு. கருத்துக் கேட்கும் கடிதம் ஒரு மொழியில் போனால், வரும் கருத்துகளும் ஒரு பக்கத்தவருடையவையாகவே இருக்கும்; பிறகு "பிரதேச மக்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை" என்று அறிக்கையில் ஒரு வரி ஏறும். எனக்கே ஒருமுறை அலுவலகமொன்றிலிருந்து ஒரு கலந்துரையாடலுக்கான அழைப்பின் தமிழ்ப் பிரதி, கூட்டம் முடிந்து நான்காம் நாள் தபாலில் வந்து சேர்ந்தது. மொழிபெயர்ப்பில் குறையில்லை, அழகான தமிழ்.

வத்தளை வாசகர்: சக்கர நாற்காலியில் இருக்கிறேன். புதிய கட்டடங்களில் சாய்தளம் வைக்கிறார்கள். ஆனால் அவற்றில் பாதியைப் பயன்படுத்த முடிவதில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகள், பொதுமக்கள் வந்துபோகும் பழைய கட்டடங்களையும் மூன்று ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்கச் சொன்னன. நடக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளின் அணுகல் உரிமைக்காகப் போராடிய கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் சென்று 2011இல் கட்டளை பெற வேண்டியிருந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினருக்கு ஏதோவொரு செயற்பாட்டுச் சிரமம் உண்டு. ஆகவே இது நாலு பேருக்கான சலுகை அன்று. நீங்கள் சொல்வதுபோன்ற, பயன்படுத்த முடியாத சாய்தளத்தை நானும் கண்டிருக்கிறேன். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. நான் பார்த்த இடத்தில் மூன்று படி உயரத்துக்கு ஐந்தடிப் பலகை போல ஒன்றைச் சரித்து வைத்து, மினுமினுக்கும் தரையோடு பதித்து, உச்சியில் ஒரு பூச்சாடியையும் வைத்திருந்தார்கள். சக்கர நாற்காலிக்காரர் ஒருவரை வரவழைத்து ஒரே ஒரு முறை ஏறிப் பார்க்கச் சொல்லியிருந்தால், பூச்சாடியாவது இடம்மாறியிருக்கும்.

முகத்துவாரம் வாசகி: நம் நாட்டில் இப்படி ஒரு மதிப்பீட்டைக் கட்டாயமாக்கும் சட்டம் இருக்கிறதா? இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்யலாம்? எங்கள் ஒழுங்கையை அகலமாக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது.

சுற்றாடலுக்கு இருக்கிறது, சமத்துவத்துக்கு இல்லை. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தத்தால், குறித்துரைக்கப்பட்ட பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு அவசியமாயிற்று. அறிக்கை வந்ததும் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. 1993ஆம் ஆண்டு வர்த்தமானிப் பட்டியலில், 100 குடும்பங்களுக்கு மேல் விருப்பமின்றி இடம்பெயர்க்கப்படுவதும் ஒன்று. அந்த 30 நாட்களுக்குள், மரத்தையும் நீரையும் பற்றி மட்டுமன்றி, யாருடைய தொழில் போகும் என்பதையும் எழுதி அனுப்பலாம். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் ஆகியவற்றின் பேரில் பாரபட்சம் கூடாது என்கிறது. அதே உறுப்புரை பெண்கள், சிறுவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் முன்னேற்றத்துக்குத் தனி ஏற்பாடு செய்யவும் இடம் தருகிறது. வறுமை அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். தோட்டத்து மக்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள். உரிமை மீறலென்று உயர் நீதிமன்றம் போவதானால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும், செலவும் உண்டு. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் 9ஆம் பிரிவின்படி, உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேலும், வெளிநாட்டு நிதியில் ஓர் இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேலும் செலவாகும் திட்டங்களைப் பற்றிய தகவலை, அவசரமான சந்தர்ப்பங்கள் தவிர, ஆரம்பிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே அமைச்சர் வெளியிட வேண்டும். உங்கள் ஒழுங்கை வேலை அந்தத் தொகையை எளிதில் தாண்டும். தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை வீடுகள் பாதிக்கப்படும், அவற்றில் பெண்கள் தலைமை தாங்கும் வீடுகள் எத்தனை, வாடகைக்கு இருப்போர் எத்தனை, வீட்டிலிருந்து தொழில் செய்வோர் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை, இவர்களிடம் எந்தத் திகதியில் எந்த மொழியில் கருத்துக் கேட்கப்பட்டது, அதன் பின் வரைபடத்தில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்று கேளுங்கள். "அப்படி ஒரு தகவல் எம்மிடம் இல்லை" என்ற பதில் வந்தால் மனம் தளராதீர்கள். யாரையும் எண்ணாமலே திட்டம் போட்டிருக்கிறார்கள் என்பது எழுத்தில் உங்கள் கைக்கு வந்துவிட்டது.

14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். உங்கள் ஒழுங்கையில் எழுதத் தெரியாத முதியவர்கள் இருந்தால் அவர்கள் வாய்மொழியாகவே கேட்கலாம். அதை எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை. விண்ணப்பத்தைக் கையளித்ததும் திகதியிட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு வாருங்கள், தருகிறோம் என்றால் அங்கேயே ஒரு வாங்கில் உட்கார்ந்துவிடுங்கள்.